பதினோரு செகண்ட்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில்
குடை ரிப்பேரும் சாவி அறுப்பும் போக
மிச்ச இடத்தில் மாகீன் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் பதினேழு வாட்ச்,
பதினேழும் பதினேழு மணி சொல்லின.
நான் எடுத்தது பழைய எச்.எம்.டி., சாவி கொடுப்பது.
ஆறுக்குப் பக்கத்தில் தேமல் மாதிரி ஒரு கறை.
பின்மூடியில் யாரோ ஊசியால் கீறியது:
செ.லூ. 1979.

"ஆயிரத்து நூறு."
"ஓடுமா ஓய்?"
"ஓடும். சரியா ஓடுமான்னா
ஒரு வாரம் கழிஞ்சு நீருதான் சொல்லணும்."
காதில் வைத்தேன்.
உள்ளே ஒரு கோழிக்குஞ்சு
நொய்யரிசி கொத்திக்கொண்டிருந்தது.
தொள்ளாயிரத்துக்கு முடிந்தது.

நான் மார்த்தாண்டம் – கருங்கல் மினி பஸ்ஸில் கண்டக்டர்.
எனக்கு மூன்று நிமிடம் முன்னால் வின்ஸ்லியின் வண்டி.
மூன்று நிமிடம் என்றால்
பள்ளியாடியில் புதிதாக வந்து நிற்கிற எட்டுப் பேர்,
அதில் இரண்டு மீன் சருவம்.
போனில் மணி இருக்கிறது, தெரியும்.
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் டிக்கெட்,
போன் எடுக்க மூன்றாவதை
அம்மை பெற்றுத் தரவில்லை.

டிக்கெட் கட்டின் அட்டையில் கணக்கு வைத்தேன்.
விடியற்காலை ஐந்தே காலுக்குச் சாவி,
முப்பது திருகு, போதும் என்பதை விரல் சொல்லும்.
திங்கள், ஆணியில் தொங்கவிட்டது: பதினெட்டு செகண்ட் பின்.
செவ்வாய், அதே ஆணி: இருபது.
புதன் ராத்திரி மல்லாத்தி வைத்தேன்.
பகலெல்லாம் என் கையில் குலுங்கித் தொலைத்த இருபதில்
ஒன்பதைப் படுத்தபடியே மீட்டுவிட்டது.
மிச்சம் பதினொன்று.
அடுத்த நாளும் பதினொன்று.
அதற்கடுத்த நாளும்.
தினம் ஒரே அளவு பிந்தினால் அது பிழையில்லை,
நடை.
ஒப்பிடுவதை நிறுத்தினேன்.

அடுத்த வியாழன் மழை.
தண்ணீர் இறங்குமே என்று கழற்றி
டிரைவர் சேம்ராஜின் ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்தேன்.
கருங்கல் வரை அதற்கடியில் பாட்டு இடித்தது.

வெள்ளி காலை, மார்த்தாண்டம்.
என் கையில் ஏழு இருபத்திமூன்று,
வின்ஸ்லி இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறான்.
"எடுடே வண்டிய, கள்ளப்பயலே!"
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அவன் அப்பனையும் இழுத்தேன்.
பை அறுந்து சில்லறை ரோடெங்கும் ஓடியது.
டைம் கீப்பர் தன் போனைத் தூக்கிக் காட்டினார்.
ஏழு பத்தொன்பது.
ஒரு பத்து ரூபாய் நாணயம் என் செருப்புக்கடியில் இருந்தது,
காலை எடுக்க எனக்கு நேரமானது.

மத்தியானம் மாகீன் கடையில் கத்தினேன்.
அவர் பேசாமல் ஒரு திசைகாட்டியை எடுத்து
வாட்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.
முள் வடக்கை மறந்து வாட்சைப் பார்த்து ஆடியது.
"காந்தம் ஏறியிருக்கு. எங்க வச்சீரு?"
சொன்னேன்.
"உள்ள ஒரு சுருள் உண்டு, முடியவிட மெல்லிசு.
சுத்து ஒண்ணோடொண்ணு ஒட்டினா மூச்சு குட்டையாவும்,
எளவு, ஓட்டம் கூடும்."
நீலப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி
வாட்சை அதிலிருந்து மெல்ல மெல்ல விலக்கினார்,
தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுகிற மாதிரி.
"இருவது ரூவா. பாட்டுக்குக் காசு வேண்டாம்."

இப்போது மறுபடி பதினொன்று.
இந்த முறை தினமும் ஒப்பிடுகிறேன்.
வின்ஸ்லி மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை.
நாணயத்தை டைம் கீப்பரிடம் கொடுத்திருந்தேன்,
அவர் மேஜையில் அப்படியே கிடக்கிறது.

இன்று அவன் போன் செத்துவிட்டது போல.
படியில் நின்று, சாலையைப் பார்த்தபடி,
யாரிடமோ கேட்கிற மாதிரி:
"மணி என்ன?"
ஏழு பத்தொன்பது, நாற்பது செகண்ட் என்றது முள்.
நேற்று இதே நேரம் சரிவைத்தது.
பதினொன்றைக் கூட்டினேன்.
"ஏழு இருபதாவ ஒம்பது செகண்ட் கெடக்கு."

திரும்பிப் பார்த்தான்.
ஒன்பதும் நின்றான்.
அப்புறம்தான் விசில்.